‘பிடிவாதம்’ என்று எழுதும் முன் கை கால்களைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 2, உலக ஆட்டிச விழிப்புணர்வு நாள். அந்த வாரம் எல்லாப் பத்திரிகைகளிலும் கட்டுரைகள் வருகின்றன. பேச்சு வரவில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறது என்றெல்லாம் எழுதுகிறார்கள். கை கால் அசைவைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இருப்பதில்லை. திருநெல்வேலி, தென்காசி வட்டாரத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு இயன்முறைப் பயிற்சியும் அன்றாடச் செயல்களுக்கான பயிற்சியும் தருகிறவர்கள் நாங்கள். விட்டுப்போன அந்த ஒரு வரிக்காகப் பிள்ளைகள் படும் பாடு பெரிது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறோம்.

பதினாறு வயதுப் பையன் ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டாசாலையிலிருந்து தார்சாவுக்கு வர வேண்டும். நிலைப்படியில் வந்து நின்றுவிடுகிறான். வலது காலைத் தூக்குகிறான், அதே இடத்தில் வைக்கிறான். முன்னே சாய்கிறான், பின்னே போகிறான். இருபது நிமிடம் இப்படியே ஓடுகிறது. “எத்தன தடவ கூப்புடுதேன், காதுல விழலியால?” என்று ஆச்சி உள்ளேயிருந்து சத்தம் போடுகிறாள். இலை போட்டு உட்கார வைத்தால், பிசைந்த சோறு இலைக்கும் வாய்க்கும் நடுவிலேயே நிற்கிறது. குழம்பு முழங்கை வரை வழிந்தாலும் கை அசையவில்லை. பக்கத்தில் இருப்பவர் முழங்கையை ஒரு விரலால் லேசாகத் தொட்டதும் கை நேராக வாய்க்குப் போகிறது. இரண்டு வருடத்துக்கு முன் தானே குளித்து, தானே சட்டை மாட்டி, பஸ் ஏறிப் போன பையன்தான் இவன். பள்ளிக்கூடத்துக் குறிப்பேட்டில் இவனைப் பற்றி இருப்பது ‘பிடிவாதம், சொன்ன பேச்சு கேட்பதில்லை’ என்ற வரி.

காது கேட்கிறது, மனமும் போகச் சொல்கிறது. கால்தான் கிளம்பவில்லை. ஒரு விரல் தொட்டவுடன் கை நகர்ந்ததே, அதுவே இதற்குச் சான்று. பிடிவாதமாக இருந்தால் தொட்டவுடன் எதிர்ப்பு வந்திருக்கும்.

அசைவு எப்படித் தொடங்குகிறது என்பதை நம் ஊரில் விளக்குவது எளிது. பாளையங்கால்வாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், மடைகள் அடைத்திருக்கும். எந்த வயலுக்குப் பாய்ச்ச வேண்டுமோ அந்த மடையை மட்டும் திறப்பார்கள். எல்லா மடையையும் ஒரே நேரத்தில் திறந்தால் எந்த வயலுக்கும் நீர் ஒழுங்காக ஏறாது. மூளையின் ஆழத்தில் பேசல் கேங்லியா என்னும் நரம்புத் திரள்கள் செய்வதும் இதே வேலைதான். காபா என்ற வேதிப்பொருள் எல்லா அசைவுகளையும் அடக்கி வைத்திருக்கிறது. நடக்க வேண்டும் என்றால் நடைக்கு உரிய மடை மட்டும் திறக்க வேண்டும், மற்றவை மூடியே இருக்க வேண்டும். எது திறப்பது, எது மூடுவது என்ற கணக்கை டோபமின் என்ற இன்னொரு வேதிப்பொருள் ஒழுங்குபடுத்துகிறது. அந்தக் கணக்கு பிசகினால் இரண்டு விதமாகவும் போகலாம். திறக்க வேண்டியது திறக்காமல் ஆள் நின்றபடி நிற்கலாம். அல்லது வேண்டாத மடை திறந்து கை உதறல், முகச் சுளிப்பு, ஓயாத ஓட்டம் என்று வரலாம். ஒரே பிள்ளையிடம் காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றும் இருப்பதைப் பார்த்து ‘வேணும்னே செய்யுது’ என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நரம்புச் சுற்று ஒன்றே என்று தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

சிறுமூளைக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு செம்பைத் தூக்க எவ்வளவு பலம் வேண்டும், எந்த நொடியில் விரலை மூட வேண்டும் என்று அளப்பது அது. இறந்துபோன ஆட்டிசக்காரர் ஒருவரின் மூளையை ஆராய்ந்து பௌமன், கெம்பர் என்ற ஆய்வாளர்கள் 1985-இல் எழுதியபோது, சிறுமூளையில் புர்கின்ஜி செல்கள் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். அந்தச் செல்கள் காபாவைக் கொண்டுதான் பேசுகின்றன. பந்து கையைத் தாண்டிப் போன பிறகு பிள்ளை கையை மூடுவதற்கும், பென்சிலை அழுத்தி அழுத்தித் தாளைக் கிழிப்பதற்கும் இப்படியும் ஒரு காரணம் இருக்கக்கூடும்.

இவை புதிய சேதிகள் அல்ல. 1943-இல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் உள்ள 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அடுத்த ஆண்டே ஹான்ஸ் ஆஸ்பெர்கர் தாம் பார்த்த பிள்ளைகளின் உடல் தடுமாற்றத்தைக் குறித்தார். 1978-இல் டமாசியோவும் மௌரரும் ஆட்டிசம் உள்ளவர்களின் நடையையும் அசைவையும் கவனித்து, டோபமின் சென்று சேரும் மூளைப் பகுதிகளைச் சுட்டிக்காட்டினார்கள். அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள 16,705 பிள்ளைகளின் பெற்றோரிடம் வினாத்தாள் கொடுத்து எடுத்த கணக்கு 2020-இல் வந்தது. நூற்றுக்கு 87 பிள்ளைகளுக்கு அசைவுச் சிக்கல் இருக்கக்கூடும் என்றது அது. இப்படியிருக்க, நம் அரசு ஆவணங்களில் ஆட்டிசத்துக்கு ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று பெயர். சிந்தனை இல்லை என்று பெயரிலேயே எழுதிவிட்டால் கையையும் காலையும் யார் பார்ப்பார்கள்? அந்தச் சொல்லை மாற்ற வேண்டும். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கு மதிப்பெண் போடும் ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய ஆட்டிச அளவுகோலில் 40 கேள்விகள் இருக்கின்றன. திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு, தாமதமாகப் பதில் தருவது ஆகியவற்றுக்குக் கேள்வி உண்டு. அசைவைத் தொடங்க முடியாமல் திணறுவதற்கும், தொடங்கியது பாதியில் நின்றுபோவதற்கும் தனிக் கேள்வி கிடையாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘மூளை வேதிப்பொருள் சோதனை’ என்று சிறுநீரையும் ரத்தத்தையும் வாங்கி, டோபமின் இவ்வளவு, செரோடோனின் இவ்வளவு என்று தாள் கொடுத்துக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் உள்ள டோபமினும் செரோடோனினும் மூளைக்குள் போவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களில் நூற்றுக்கு 25, 30 பேருக்கு ரத்தத்தில் செரோடோனின் கூடுதலாக இருப்பது 1961 முதலே தெரிந்த செய்திதான். ஆனால் அது பெரும்பாலும் குடலில் உண்டாகி ரத்தத் தட்டணுக்களில் தங்கியிருக்கும் சரக்கு. அதை வைத்து மூளையைக் கணிக்க முடியாது. காபா வேலையைச் சீராக்கும் என்று பெரிதாகப் பேசப்பட்ட புமெட்டனைட் என்ற நீர் மாத்திரையின் பெரிய சோதனையும் பலன் இல்லை என்று 2021-இல் நிறுத்தப்பட்டது. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள் என்று அதைத் தேடி அலைய வேண்டாம்.

அந்த நிலைப்படிப் பையனிடம் வருவோம். அவனுக்கு வந்திருப்பது பெரும்பாலும் கேட்டடோனியா, அதாவது அசைவு உறைந்துபோகும் நிலை. 1874-இல் ஜெர்மன் மருத்துவர் கால்பாம் பெயரிட்டது இது. ஆட்டிசத்தோடு சேர்ந்து வரும் என்பதை இங்கிலாந்து ஆய்வாளர்கள் லோர்னா விங், அமிதா ஷா இருவரும் 2000-இல் எடுத்துக்காட்டினார்கள். அவர்களுடைய மையத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 17 பேருக்கு இது இருந்தது. சிறப்பு மையத்துக்கு வந்தவர்களின் கணக்கு என்பதால் ஊர்க் கணக்கு இதைவிடக் குறைவாகவே இருக்கும். பெரும்பாலோருக்கு இது தொடங்கியது பதின் வயதில். ‘வயசுக்கு வந்ததும் சோம்பேறி ஆயிட்டான்’ என்று வீட்டில் சொல்லும் அதே வயது.

அடையாளங்கள் நான்கு. நடையும் பேச்சும் பதிலும் மெதுவாகிக்கொண்டே வருவது ஒன்று. ஒரு செயலைத் தொடங்கவோ முடிக்கவோ முடியாமல் போவது இன்னொன்று. முன்பு தானாகச் செய்ததற்கு இப்போது தொட்டோ சொல்லியோ தூண்ட வேண்டியிருப்பது மூன்றாவது. பிடித்த காரியத்திலும் நாட்டம் குறைந்து சும்மா இருப்பது நான்காவது. இதோடு இரவு பகல் தூக்கம் மாறிப்போவதும், வைத்த நிலையில் கை அப்படியே நிற்பதும், திடீரென்று காரணமில்லாத ஆவேசம் வருவதும் உண்டு. ‘முன்பு செய்தான், இப்போது செய்யவில்லை’ என்பதுதான் முக்கியம். பிறவியிலிருந்தே மெதுவாக இருப்பது வேறு. இருந்த திறமை சில வாரங்களிலோ மாதங்களிலோ கழன்றுபோனால் காத்திருக்கக் கூடாது.

காத்திருந்தால் என்ன ஆகும்? குடிப்பதும் சாப்பிடுவதும் குறையும், உடலில் நீர் வற்றும், சிறுநீர் கட்டும், ஒரே நிலையில் கிடந்து புண் வரும், கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டியாக உறையும். மருத்துவமனையில் லோராசெபம் என்ற மருந்தை 1 அல்லது 2 மில்லிகிராம் கொடுத்துப் பார்ப்பார்கள். நரம்பு ஊசி என்றால் 5 நிமிடத்தில், தசை ஊசி என்றால் 15 நிமிடத்தில், மாத்திரை என்றால் அரை மணியில் மறுபடி சோதிப்பார்கள். உடல் தளர்ந்து அசைவு திரும்பினால் கேட்டடோனியாதான் என்ற எண்ணம் வலுப்படும். லோராசெபம் காபாவுக்குத் துணை போகும் மருந்து. அடைத்து வைப்பதே காபா என்றால் அதைக் கூட்டினால் மடை எப்படித் திறக்கும் என்று படித்தவர்கள் எங்களைக் கேட்பதுண்டு. அடைப்பதும் காபாதான், அடைப்பை விலக்கும் நரம்பும் காபாவைக் கொண்டுதான் வேலை செய்கிறது. சுற்றில் எந்த இடத்தில் அது கூடுகிறது என்பதைப் பொறுத்தது. இந்த மருந்து மூச்சை அடக்கக்கூடியது, திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. ஆகையால் வீட்டில் செய்து பார்க்கும் காரியம் அல்ல. இதில் சரியாகாதவர்களுக்கு மின் அதிர்வு சிகிச்சை உண்டு. மயக்க மருந்து இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம்.

பையனின் ஆவேசத்தை மட்டும் பார்த்து, கேட்டடோனியாவைக் கவனிக்காமல் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் போன்றவற்றைக் கூட்டும்போதுதான் நிலைமை கைமீறுகிறது. இவை டோபமினைத் தடுக்கும் மருந்துகள். ஏற்கெனவே திறக்காத மடையின் மேல் இன்னொரு பலகை வைப்பது போல. காய்ச்சல், விறைத்த உடல், வியர்வை, துடிக்கும் நாடி எல்லாம் சேர்ந்து வந்தால் உயிருக்கே ஆபத்து. சித்திரை வெயிலில் ‘சூடு பிடிச்சிருக்கு’ என்று பானகம் கொடுத்து உட்கார்ந்துவிடக் கூடாது, 108-ஐ அழைக்க வேண்டும். மருத்துவரிடம் சி.பி.கே. என்னும் ரத்தச் சோதனை தேவையா என்று கேளுங்கள்.

மருந்தே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு ரிஸ்பெரிடோன் உதவியிருக்கிறது. அமெரிக்காவில் 2006-இலேயே ஆட்டிசப் பிள்ளைகளின் கடும் எரிச்சலுக்கு அனுமதி பெற்ற மருந்து அது. அளவில்தான் கவனம் வேண்டும். 20 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தொடக்க அளவு நாளுக்கு 0.25 மில்லிகிராம். மருந்துத் தண்ணீர் 1 மில்லிக்கு 1 மில்லிகிராம் என்றால் கொடுக்க வேண்டியது 0.25 மில்லி, அதாவது கால் மில்லி. சீட்டில் புள்ளி தேய்ந்து, மூடியில் 2.5 மில்லி அளந்து ஊற்றினால் பத்து மடங்கு ஆகிவிடும். ஸ்பூன் வேண்டாம். 1 மில்லி சிரிஞ்சில் மருந்துக்கடைக்காரரிடம் ஒரு கோடு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த மருந்துகளைத் தொடங்கிய அல்லது கூட்டிய முதல் நான்கைந்து நாளில் கழுத்து ஒரு பக்கம் முறுக்கி, கண் மேலே செருகி, நாக்கு வெளியே தள்ளினால் அது டிஸ்டோனியா என்னும் தசை முறுக்கம். பிள்ளைக்கு நினைவு தப்புவதில்லை, அதனால் வலிப்பு அல்ல. காத்துக் கருப்பும் அல்ல. வாந்திக்குப் போடும் மெட்டோகுளோபிரமைட் ஊசியும் டோபமினைத் தடுப்பதால், சிறு வயதினருக்கு இதையே உண்டாக்கும். புரோமெத்தசின் போன்ற ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணிக்குள் தளர்ந்துவிடும். மருத்துவமனைக்குப் போகும்போது மருந்து அட்டையைக் கையோடு கொண்டு போங்கள், காரணம் உடனே தெரிந்துவிடும்.

அதிகம் ஏமாற்றுவது, இதே மருந்துகளால் வரும் அகதிசியா என்னும் ஓயாத தவிப்பு. உட்கார முடியாது, கால் மாற்றி மாற்றி நிற்கும், நடந்துகொண்டே இருக்கும், தூக்கம் வராது. பேசத் தெரியாத பிள்ளை அந்த உள் தவிப்பைச் சொல்ல வழியில்லாமல் கடிக்கும், அடிக்கும். மருந்து போதவில்லை என்று கூட்டுகிறார்கள். கூட்டக் கூட்டத் தவிப்பு கூடுகிறது. மருந்தைக் கூட்டிய தேதியையும் ஓட்டம் கூடிய தேதியையும் காலண்டரில் குறித்து வைத்தால் இந்தச் சுழல் பளிச்சென்று தெரியும். நாங்கள் பார்த்தவரை இந்த ஒரு பழக்கம் தடுத்த துன்பம் அதிகம்.

மாதக் கணக்கில் மருந்து எடுப்பவர்களுக்கு வாய் மெல்வது, உதடு குவிப்பது, நாக்கு நெளிவது வரலாம். நம் பிள்ளைகளுக்கு முன்பே சில அசைவுகள் இருப்பதால் எது பழையது, எது மருந்தால் வந்தது என்று பிறகு பிரிக்க முடியாது. ஆகவே முதல் வேளை மருந்துக்கு முன்பே போனில் வீடியோ எடுத்து வையுங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியில் கையை முழங்காலில் வைத்துச் சும்மா உட்கார்ந்திருப்பது, வாயைத் திறந்திருப்பது, கட்டை விரலால் மற்ற விரல்களை வேகமாகத் தட்டுவது ஒவ்வொரு கைக்கும் 10, 15 விநாடி, எழுந்து நிற்பது, நடந்து போய்த் திரும்புவது. முகமும் பாதமும் தெரிய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே நாற்காலி, அதே வெளிச்சம்.

எல்லாவற்றுக்கும் ஆட்டிசமே காரணம் என்று முடிவு கட்டவும் கூடாது. பதின் வயதில் புதிதாக நடுக்கம், எச்சில் ஒழுகல், விறைப்பு என்றால் தாமிரம் சேரும் வில்சன் நோயா என்று செருலோபிளாஸ்மின் என்ற ரத்தச் சோதனை பார்க்க வேண்டும், அது மருந்துக்குக் கட்டுப்படும் நோய். பெண் குழந்தை கைகளைப் பிசைந்துகொண்டே இருந்து, பொருளைப் பிடிக்கும் பழக்கத்தை இழந்தால் ரெட் குறைபாடு என்னும் மரபணு நோயா என்று பாருங்கள். இரவில் காலை உதைத்துக்கொண்டே இருந்தால் இரும்புச் சத்தைச் சோதியுங்கள். மலச்சிக்கலையும் சொத்தைப் பல்லையும் முதலில் பாருங்கள், வலியோடு யாரும் ஒழுங்காக நடக்கமாட்டார்கள். நுனிக்காலில் நடக்கும் பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டியை நீட்டி, பாதத்தை மேலே தள்ளிப் பாருங்கள். செங்கோணத்துக்குக் கூட வரவில்லை என்றால் கெண்டைக்கால் தசை சுருங்கிவிட்டது. ‘காலை ஊனி நட’ என்று திட்டிப் பயனில்லை, எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. நிலைப்படியைத் தாண்டாத பிள்ளைக்கு அப்பால் தரையில் ஒரு கோடு போடுங்கள். சிவப்புத் தரையில் மஞ்சள் அல்லது வெள்ளை டேப், வெள்ளை டைல்ஸில் கறுப்பு டேப், 2 அங்குல அகலம். பார்க்கின்சன் நோயாளிகளுக்குப் பல காலமாகச் செய்யும் வேலைதான் இது. கண்ணுக்கு ஓர் இலக்கு கிடைத்தால், திறக்காத மடையைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக நடை தொடங்குகிறது. கோடுகளுக்கு இடையே தூரம் பிள்ளையின் காலடி அளவுதான் இருக்க வேண்டும். காலை நனைத்துச் சிமெண்டுத் தரையில் நடக்க விட்டு, குதிகாலிலிருந்து அடுத்த குதிகால் வரை அளந்துகொள்ளுங்கள். பெரியவர்கள் தம் நடைக்குப் போட்டுவிட்டு ‘பலிக்கவில்லை’ என்கிறார்கள்.

பஸ் படியில் எல்லாரும் செய்யும் தவறு, கையைப் பிடித்து மேலே இழுப்பது. இழுக்க இழுக்க உடல் தானாகப் பின்னுக்குச் சாயும். வலது காலைத் தூக்குமுன் எடை முழுதும் இடது காலுக்குப் போக வேண்டும். அங்கேதான் பிள்ளை நிற்கிறது. பிள்ளையின் இடப் பக்கம் நின்று இடது இடுப்பை உங்கள் பக்கம் லேசாக வரவையுங்கள், வலது கால் தானாகக் கிளம்பும். வீட்டில் பலகையின் அடியில் செங்கல் வைத்துப் பழக்கலாம். முதலில் 3 அங்குல உயரம், ஒரு வாரம் தடுமாறாமல் ஏறினால் 6, பிறகு 9. பலகை ஆடக் கூடாது.

சொல்லும்போது ஒரு சொல்தான். ‘எழும்பு’ என்றால் அதோடு நிறுத்துங்கள். மனதுக்குள் இருபது வரை எண்ணுங்கள். அதற்குள் மறுபடி சொன்னால் பாதி திறந்த மடை மூடிக்கொள்ளும். சட்டைப் பொத்தானுக்குக் கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் பொத்தானைத் துளையில் பாதி நுழைத்துவிட்டு, வெளியே இழுப்பதை மட்டும் பிள்ளைக்கு விடுங்கள். அது கைவந்தபின் ஒரு படி முன்னே.

பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். எழுத மாட்டேன் என்கிறான் என்று எழுதுமுன், சொன்னதைச் சுட்டிக்காட்டத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் தடை கையில் இருக்கிறது. பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவருக்கும் கூடுதல் 1 மணி நேரத்துக்கும் விண்ணப்பிக்கலாம். கடைசி நேரத்தில் ஓடாமல் கல்வியாண்டுத் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். வட்டார வள மையங்களில் ஆட்டிசப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கேட்கும் பெற்றோர் இயன்முறைப் பயிற்சியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நாங்குநேரியிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் அரை மணிப் பயிற்சிக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டைக்கு வருகிறார்கள். அந்தந்த ஒன்றியத்தில் வாரம் ஒரு நாளாவது இந்தப் பயிற்சி கிடைக்க மாவட்ட நிர்வாகங்கள் வழி செய்ய வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஒரு மஞ்சப்பையில் நான்கு பொருள்கள் இருக்கட்டும்: இதுவரை தின்ற எல்லா மருந்தின் அட்டைகள், தேதி குறித்த காலண்டர், யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வீடியோ உள்ள போன். உள்ளே போனதும் ‘சொன்ன பேச்சு கேட்பதில்லை’ என்று தொடங்காதீர்கள். ‘இந்த மாதத்திலிருந்து எழும்ப முடியவில்லை, இந்த வீடியோவைப் பாருங்கள்’ என்று சொல்லிப் போனைக் கையில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஆட்டிசம் உள்ளவர்களோடு பணிபுரியும் பயிற்சியாளர்கள்,
பாளையங்கோட்டை.